'சும்மா பிராங்க் ப்ரோ' என்றால் சிரித்தே ஆக வேண்டுமா?

பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, "எங்க அக்கா பொண்ணை ஏமாத்திட்டு இங்க வந்து நிக்கிறியா?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்துகிறார். சுற்றி நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். உங்களுக்கு வியர்க்கிறது, வாய் குழறுகிறது. நான்கு நிமிடம் கழித்து அதே ஆள் தோளில் கைபோட்டுச் சொல்கிறார்: "ப்ரோ, அங்க பாருங்க, கேமரா! சும்மா பிராங்க்."

நீங்களும் சிரிக்கிறீர்கள். வேறு என்ன செய்ய முடியும்?

நிறையவே செய்ய முடியும். பிராங்கில் சிக்காமல் இருக்க வழி கேட்டால் பலரும் சொல்வது, "உஷாரா இரு, யாரையும் நம்பாதே, கேமரா இருக்கான்னு பாரு" என்பதுதான். இந்த யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் காரணம், இது வேலைக்கு ஆகாது. மைக் சட்டைக்குள் இருக்கும். கேமரா எதிர்சாரியில் நிற்கும் காருக்குள் இருக்கும். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. வழி கேட்கும் பெரியவரையும், "அண்ணா, போன் ஒரு நிமிஷம் தர்றீங்களா" என்று தவிக்கும் பெண்ணையும் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிட்டால், நாலு பேர் வீடியோ எடுப்பதற்காக ஊரே ஈவிரக்கம் இல்லாமல் மாற வேண்டியிருக்கும். ஏமாந்தது உங்கள் தப்பு இல்லை. நம்பித்தான் ஏமாந்தீர்கள்.

உங்கள் கையில் இருப்பது அதற்கு அடுத்த இரண்டு நிமிடங்கள்.

பிராங்க் வீடியோவின் முடிவைக் கவனித்திருப்பீர்கள். சிக்கியவர் சிரிக்கிறார், கை கொடுக்கிறார், கேமராவுக்கு டாட்டா காட்டுகிறார். பார்க்கும் நமக்கும், "அவரே ஜாலியா எடுத்துக்கிட்டார்" என்று நிம்மதி. அதற்காகத்தான் அந்தக் காட்சி. அது எப்படிக் கிடைக்கிறது? உண்மையைச் சொன்னதும் மூன்று, நான்கு பேர் சூழ்ந்துகொள்வார்கள். "செம ரியாக்‌ஷன் ப்ரோ" என்பார்கள். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். "போட்டுக்கலாம்ல?" என்ற கேள்வி அந்த நேரத்தில்தான் வரும். போலீஸ், அடிதடி என்று பயந்து நடுங்கியவர் 'அப்பாடா' என்று மூச்சுவிடும் நொடி அது. அப்போது எதைக் கேட்டாலும் "சரி" என்றுதான் வாய் வரும். அதைச் சம்மதம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் ஆள் தேர்வையும் பாருங்கள். இளநீர் விற்பவர், ஏ.டி.எம். காவலாளி, பூங்காவில் உட்கார்ந்திருக்கும் ஜோடி, தனியாக நடக்கும் பெண். லத்தியோடு நிற்கும் போலீஸ்காரரிடமோ, கரைவேட்டியும் நாலு காரும் சூழ வருபவரிடமோ இந்த விளையாட்டை யாரும் விளையாடிப் பார்ப்பதில்லை. திருப்பிக் கேட்க முடியாதவர் யார் என்பது 'சும்மா' எடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரிகிறது.

2012 டிசம்பரில் லண்டனில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவின் '2டே எஃப்.எம்.' வானொலித் தொகுப்பாளர்கள் இருவர், ராணி எலிசபெத்தாகவும் இளவரசர் சார்லஸாகவும் குரல் மாற்றி, கேட் மிடில்டன் சிகிச்சையில் இருந்த மருத்துவமனைக்கு போன் செய்தார்கள். போனை எடுத்த செவிலியர் உண்மை என்று நம்பி வார்டுக்கு இணைப்பைக் கொடுத்தார். அங்கிருந்தவர் கேட்டின் உடல்நிலையைச் சொல்லிவிட்டார். பதிவு ஒலிபரப்பானது, உலகமே சிரித்தது. மூன்றாவது நாள், இணைப்பைக் கொடுத்த செவிலியர் உயிரை மாய்த்துக்கொண்டார். மங்களூரு பக்கத்தைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு மரணத்தின் காரணங்களை ஒற்றை வரியில் அடக்க முடியாதுதான். ஆனால் ஒலிபரப்பும் முன் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளப் பலமுறை முயன்றதாக வானொலி தரப்பு சொன்னது கவனிக்க வேண்டியது. முயன்றார்கள், அனுமதி கிடைக்கவில்லை, ஆனாலும் ஒலிபரப்பினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

'பிராங்க்' என்ற பெயரில் நம் நாட்டில் தனிச் சட்டப்பிரிவு கிடையாது. அதற்காக எல்லாம் அனுமதி என்று அர்த்தமில்லை. வழிமறிப்பது, பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது, பெண்ணை இழிவுபடுத்தும்படி பேசுவது, சைகை காட்டுவது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின்படி குற்றங்கள். தமிழ்நாட்டில் பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராக 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. "விளையாட்டுக்குச் செய்தேன்" என்பது இதற்கெல்லாம் பதிலாகிவிடாது.

டிக்டாக்கிற்குத் தடை கேட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் இடைக்கால உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கலாம். பிராங்க் நிகழ்ச்சிகளைப் பற்றியும் அதில் பேசப்பட்டது. ஒருவரை அதிர்ச்சிக்குள்ளாக்கி மூன்றாம் நபர் கேலிப்பொருளாக்குவது தனியுரிமை மீறல் என்பது நீதிமன்றத்தின் கருத்து. டிக்டாக் தடை அதே மாதத்தில் விலக்கப்பட்டதால் இந்தப் பகுதி பேசப்படாமலே போய்விட்டது. 2022-ல் கோவை மாநகரக் காவல்துறை, பொது இடத்தில் மக்களைத் தொந்தரவு செய்து பிராங்க் வீடியோ எடுப்பவர்களை எச்சரித்ததோடு, ஒரு யூடியூப் சேனல் மீது வழக்கும் பதிந்தது.

அந்த இரண்டு நிமிடத்தில்

முதலில், சிரிக்காதீர்கள். கேட்க முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் அவர்களுக்கு வேண்டியது அதுதான். கேமரா ஓடும்போதே, "இதைப் போடக் கூடாது, எனக்குச் சம்மதம் இல்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்தக் குரலும் பதிவாகட்டும். "முகத்தை பிளர் பண்ணிடுறோம்" என்பார்கள். தெரிந்தவர்களுக்குக் குரலும் சட்டையும் நடையும் போதும், பிளர் பெரிதாக உதவாது. சேனல் பெயரைக் கேட்டு, உங்கள் போனில் தேடிப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழிக்கிறேன் என்றால் உங்கள் கண்முன் அழிக்கச் சொல்லுங்கள். அழித்த வீடியோ பெரும்பாலான போன்களில் சில வாரங்கள் குப்பைத்தொட்டிக் கோப்பில் கிடக்கும். அங்கிருந்தும் நீக்கினால்தான் கணக்கு.

கை ஓங்காதீர்கள். 2023-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு வணிக வளாகத்தில், உணவு டெலிவரி ஊழியர் ஒருவரின் முகத்துக்கு அருகே போனை நீட்டி பிராங்க் செய்தார் ஒரு யூடியூபர். ஊழியர் "நிறுத்து" என்று மூன்று முறை சொல்லிப் பின்வாங்கினார். அவர் நிறுத்தவில்லை. ஊழியர் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். படுகாயம் ஏற்படுத்திய முக்கியக் குற்றச்சாட்டிலிருந்து நடுவர் குழு அவரை விடுவித்தது. அதற்குள் அவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டார். நம் ஊரில் துப்பாக்கி இல்லை. ஆனால் ஒரு அறை விட்டால்கூட வழக்கு உங்கள் மேல்தான் முதலில் பாயும். அந்த அறையும் 'வைரல்' ஆகும் என்பது தனி.

வீடியோ ஏற்கெனவே வந்துவிட்டதா? யூடியூபில் தனியுரிமைப் புகார் கொடுக்க வழி உண்டு. சம்பந்தப்பட்டவரே கொடுக்க வேண்டும், முகமோ குரலோ கொண்டு உங்களை அடையாளம் காண முடிகிறது என்று காட்ட வேண்டும். எந்த நிமிடம், எந்த நொடி என்று குறிப்பிடுங்கள். அந்தப் புகாரைப் பரிசீலிக்கும்போது நீங்கள் சம்மதித்தீர்களா என்பதையும் பார்ப்பார்கள். சிரித்துக் கை கொடுத்த காட்சி உங்களுக்கு எதிராக நிற்பது இங்கேதான். மிரட்டலோ ஆபாசமோ இருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம், பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் போகலாம்.

தெருவில் மறுப்பதாவது பரவாயில்லை, அந்த ஆளை நாளை பார்க்கப் போவதில்லை. அலுவலகத்தில் அது முடியாது. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு 'எச்.ஆர்.' பெயரில் போன்: "பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் ஃபெயில் ஆயிடுச்சு, லேப்டாப்பை ஒப்படைச்சிடுங்க." கல்விக்கடன் தவணை கட்டும் பையன் கண் கலங்குவதை ஒருவர் படம் பிடிப்பார், டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். எல்லோரும் சிரிப்பு ஸ்மைலி. அவனும் ஒரு ஸ்மைலி போடுவான், மதியம் அவர்களோடுதானே சாப்பிட வேண்டும்.

குரூப்பில் சண்டை போட வேண்டியதில்லை. வீடியோ போட்டவரிடம் தனியாக, "மச்சி, அதை டெலீட் பண்ணிடு, எனக்குப் பிடிக்கல" என்று சொன்னால் போதும். பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுவார்கள். ஆனால் அன்றே சொல்லுங்கள். அனுப்பிய மெசேஜை அனைவருக்கும் அழிக்க வாட்ஸ்அப் தரும் அவகாசம் சுமார் இரண்டரை நாள். வெள்ளிக்கிழமை மாலை போட்ட வீடியோவைத் திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், நீங்கள் ஆபீஸ் வருவதற்குள் அந்தக் கெடு முடிந்திருக்கும். அதன்பிறகு போட்டவரே நினைத்தாலும் எல்லோர் போனிலிருந்தும் அதை எடுக்க முடியாது.