மேகக் கணிமைக் கல்வி: அறிவுப் பயிற்சியா, வாடிக்கையாளர் பயிற்சியா?

மேகக் கணிமை மேடையொன்றிற் பிரயோகச் செய்நிரல்களை அமைக்கக் கற்றல் இன்று கணனிக் கல்வியின் தவிர்க்கவியலாத அங்கமென எடுத்துரைக்கப்படுகின்றது. பாடவிதானத்தை நவீனப்படுத்த விழைவோர் இதனையே முதலிற் குறிப்பிடுவர். பட்டம் பெற்று வெளியேறும் மாணவருக்குத் தொழில் வேண்டும். தொழில் வழங்குவோர் இவ்வறிவையே கேட்கின்றனர். ஆதலின் பல்கலைக்கழகம் இதனைக் கற்பித்தல் வேண்டும் என்பது அவர்தம் வாதம். கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தில் அடிப்படையான வினாவொன்று எழுப்பப்படாமலே விடப்படுகின்றது. கற்பிக்கப்படுவது கணிமையா, அன்றி ஒரு கம்பனியின் பண்டங்களைக் கையாளும் முறையா என்பதே அவ்வினா. இது விஞ்ஞான பீடத்தாரின் விடயம், கலைப்பீடத்தாருக்கு இங்கு என்ன அலுவல் எனக் கேட்போரும் உளர். உற்பத்திக் கருவி எவர் கையில் உள்ளது என்னும் வினா எந்தப் பீடத்துக்கும் தனியுரிமையானதன்று.

மேகம் என்னும் பெயரே மயக்கந் தருவது. வானில் எதுவும் மிதப்பதில்லை. வட வேர்ஜீனியாவிலும் அயர்லாந்திலும் சிங்கப்பூரிலும் உள்ள பாரிய கட்டடங்களில் வேறொருவருக்குச் சொந்தமான கணனிகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நேரமும் இடமும் வாடகைக்கு விடப்படுகின்றன. 2017 பெப்ரவரி 28ஆம் திகதி அமேசன் ஊழியரொருவர் கட்டளையொன்றைப் பிழையாகத் தட்டச்சுச் செய்தமையால், வட வேர்ஜீனியாவிலிருந்த அதன் களஞ்சியச் சேவை சில மணிநேரம் நிலைகுலைந்தது. அதனை நம்பியிருந்த எண்ணிறந்த இணையத்தளங்களும் உடன் முடங்கின. இக்காரணத்தை அக்கம்பனியே பின்னர் வெளியிட்டது.

கணிமை ஒருநாள் தொலைபேசியைப் போன்று பொதுப் பயன்பாட்டுச் சேவையாக ஒழுங்கமைக்கப்படலாம் என ஜோன் மக்கார்த்தி 1961இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஆற்றிய உரையிற் குறிப்பிட்டார். ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின்னர் அது நடைமுறைக்கு வந்தது. அமேசன் 2006இல் முதலிற் களஞ்சியத்தையும், பின்னர் கணனி நேரத்தையும் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. கூகிள் 2008இல் 'அப் எஞ்சின்' என்னும் மேடையை முன்வைத்தது. மைக்ரோசொப்ற் 2010இல் 'அசூர்' சேவையைச் சந்தைப்படுத்தியது. ஆயின் மின்சாரத்தோடும் தொலைபேசியோடும் இதனை ஒப்பிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நீர்வீழ்ச்சியிற் பிறந்த மின்சாரமாயினும் நிலக்கரியிற் பிறந்த மின்சாரமாயினும் வீட்டிலுள்ள மின்குமிழ் ஒன்றேதான். மேகத்தின் நிலை அவ்வாறன்று. ஒரு கம்பனியின் மேடைக்கென எழுதப்பட்ட செய்நிரல் பிறிதொரு மேடையில் அப்படியே இயங்காது.

அப் எஞ்சின் இதற்கு நல்லதோர் உதாரணம். அதனைக் கற்கப் புகுந்தோருக்குக் கூகிள் வழங்கிய அறிமுகப் பயிற்சியில் அமைக்கப்பட்டது ஒரு விருந்தினர் பதிவேடு. வருவோர் ஒரு வரி எழுதுவர்; முன்னையோர் எழுதியவை கீழே தோன்றும். அவ்வளவே. ஆயினும் அப்பதிவேட்டை எழுதும் மாணவர் சாதாரண கணனியிற் செய்வதுபோல வட்டிற் கோப்பொன்றை எழுத இயலாது. எங்கும் வழங்கும் தொடர்புநிலைத் தரவுத்தளத்தைப் பயன்படுத்தவும் தொடக்கத்தில் இடமிருக்கவில்லை. கூகிளின் தரவுக் களஞ்சியத்தையே, அது விதித்த கட்டளைகளினாலேயே அணுக வேண்டும். பயனர் எவர் என அறிவதற்கும் கூகிளின் கணக்கே பயன்பட்டது. ஐம்பது வரிச் செய்நிரலாயினும் அதன் மூட்டுகள் யாவும் ஒரே வீட்டுச் சுவரிற் பொருத்தப்பட்டிருந்தன. 2011இல் அம்மேடையின் கட்டண முறை மாற்றப்பட்டபோது செலவு பன்மடங்கு உயரக் கண்டோர் பலர். அவர்கள் முன்னிருந்தவை இரண்டே வழிகள்: கேட்டதைக் கொடுப்பது, அல்லது செய்நிரலைத் திருத்தி எழுதுவது. அமேசன் 2012இல் வெளியிட்ட டைனமோ தரவுத்தளமும், 2014இல் அறிவித்த லாம்டாச் சேவையும் இன்று கற்பிக்கப்படும் விதமும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. பாடத்தின் பெரும்பகுதி எந்தத் திரையில் எந்தப் பெட்டியை அழுத்துவது, எந்த அனுமதியை எதற்கு வழங்குவது என்பதிற் கழிகின்றது. அத்திரையை அக்கம்பனி மாற்றியதும் அவ்வறிவும் பழையதாகிவிடுகின்றது. இதனைக் கம்பனியே ஒப்புக்கொள்கின்றது போலும்: அமேசனின் ஆரம்பநிலைச் சான்றிதழுக்கான பரீட்சைக் கட்டணம் 100 டொலர், அச்சான்றிதழ் செல்லுபடியாவதோ மூன்று ஆண்டுகள். பைதகரசின் தேற்றத்தைக் கற்றவருக்கு எவரும் காலாவதித் திகதி குறிப்பதில்லை.

மாணவருக்கு இவையெல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்பது அடுத்த வாதம். கூகிள் புதியவருக்கு 90 நாட்களுக்கு 300 டொலர் பெறுமதியான பாவனையை வழங்குகின்றது. மைக்ரோசொப்ற் மாணவர்க்கென 100 டொலர் ஒதுக்குகின்றது. இலவசம் எவர் விருப்பில் தொடங்கிற்றோ அவர் விருப்பிலேயே முடியும். ஹெரோக்கு என்னும் மேடை நெடுங்காலம் மாணவரின் முதற் பள்ளியாகவே விளங்கிற்று. அதன் இலவசத் திட்டங்கள் 2022 நவம்பர் 28ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டன. அதற்கு முன்னர், பேஸ்புக் 2013இல் வாங்கிய 'பார்ஸ்' என்னும் மேடை 2017 ஜனவரியில் முற்றாகவே மூடப்பட்டது. ஓராண்டு முன்னறிவித்தல் கொடுத்ததையும், அடிப்படைச் செய்நிரலைப் பொதுவில் வெளியிட்டதையும் நேர்மை கருதிக் குறிப்பிடல் வேண்டும். ஆனால் அச்செய்நிரலைப் பெற்றுத் தாமே ஒரு சேவையகத்தில் நிறுவத் தெரிந்தவருக்கே அது பயன்பட்டது. மேடையை மாத்திரம் கற்றவருக்கு அது வெறும் கோப்புத் தொகுதி.

இலங்கையைப் பொறுத்தவரை இவ்விடயம் இன்னுங் கூர்மையானது. மேகத்தின் வாடகை டொலரிற் கணிக்கப்படுகின்றது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாகவிருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவை எட்டிற்று. செய்நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. பாவனையாளர் ஒருவரும் கூடவில்லை. எனினும் வாடகை ஏறத்தாழ எண்பது சதவீதத்தால் உயர்ந்தது. இறக்குமதியிற் தங்கியிருப்பதன் விலையை மருந்திலும் எரிபொருளிலும் கண்டு கலங்கிய சமூகம், அறிவுத்துறையிலும் அதே தங்குநிலையைப் பாடவிதானமாக வகுப்பது விந்தையே.

இதற்கு மறுப்பாக ஒரு நிகழ்ச்சியை எவரும் எடுத்துக்காட்டலாம். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகம் கப்பத் தாக்குதலுக்குள்ளாகி, அரச மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்துபோயின. சொந்த மேகம் வைத்திருந்தும் இக்கதிதானே என அவர்கள் கேட்பர். கேள்வி வலுவானதே. ஆயின் அங்கு நேர்ந்தது யாது? பழமையான மென்பொருள் புதுப்பிக்கப்படாதிருந்தது. அக்காலப்பகுதிக்குரிய பிரதிகள் மீட்கத்தக்க நிலையில் இருக்கவில்லை. புதுப்பித்தலும் பிரதியெடுத்தலும் கணனி நிருவாகத்தின் அரிச்சுவடி. இவ்வரிச்சுவடியை நிறைவேற்றுவதற்கான ஆளணியும் ஒழுங்கும் போதாமையையே அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. வாடகை மேடையின் திரையை அழுத்தப் பழகியோரைப் பெருக்குவதால் அக்குறை நீங்குமா?

மேகமே வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. பத்து இலட்சம் ரூபாவுக்குச் சேவையகம் வாங்க வழியற்ற மாணவர், சில ரூபா செலவில் ஒரு மணிநேரம் வலுவான கணனியொன்றைப் பெறுவது பெரும்பேறு. அதனை மறுப்பது குருட்டுத்தனம். எனினும் வாடகை வீட்டில் இருப்பவருக்கும் வீடு கட்டத் தெரிந்திருந்தால், வெளியேறும் நாளில் அவர் நடுத்தெருவில் நிற்கமாட்டார். டிறொப்பொக்ஸ் கம்பனி தன் பாவனையாளரின் கோப்புகளை முதலில் அமேசனிலேயே வைத்திருந்தது. பின்னர் தானே களஞ்சியங்களை அமைத்து அவற்றின் பெரும்பகுதியை அங்கு மாற்றிற்று. இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டொலர் மீதமானதாக 2018இல் அதன் ஆவணங்கள் தெரிவித்தன. அதனிடம் மூலதனம் இருந்தது உண்மை. வட்டிலிருந்து வலையமைப்பு வரை அறிந்தோரும் இருந்தனர். வெளியேறுவோரிடம் தரவுக்கென அறவிட்டுவந்த கட்டணத்தைக் கூகிளும் அமேசனும் 2024இன் தொடக்கத்தில் நீக்கியமைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் ஏற்படுத்திய நெருக்குதலும் ஒரு காரணம். கதவு திறந்துள்ளது. நடக்கக் கற்பிக்கப்படாதவருக்குத் திறந்த கதவால் யாது பயன்?

எனவே பாடவிதானத்தின் ஒழுங்கு தலைகீழாக வேண்டும். முதலிற் கணனியொன்றில் லினக்சை நிறுவுதல், அதிற் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை இயக்குதல், இணைய வேண்டுகோள் ஒன்று வலையமைப்பினூடாக வந்து விடையுடன் மீளும் வழியைக் கண்டறிதல், பிரதியெடுத்தல், அழித்துவிட்டு மீட்டல். இவற்றின் பின்னரே வாடகை மேடை. லினக்ஸ் 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரொருவர் தொடங்கிய ஆக்கம். போஸ்ட்கிரெஸ் 1986இல் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வின் வழிவந்தது. இரண்டும் எவர்க்கும் இலவசம். எந்தக் கம்பனியும் மீளப்பெற முடியாத இலவசம். நாசாவும் ராக்ஸ்பேசும் 2010இல் பொதுவில் வெளியிட்ட 'ஓப்பன்ஸ்டாக்' கொண்டு, ஆய்வுகூடத்திற் கழித்தொதுக்கப்பட்ட நான்கைந்து கணனிகளிலேயே சிறு மேகமொன்றை மாணவர் அமைத்துப் பார்க்கலாம். அது மெதுவாக இயங்கும், அடிக்கடி பழுதாகும். பழுதைத் தேடுவதே அங்கு பாடம். பருவ இறுதியில் எழுத்துப் பரீட்சைக்குப் பதிலாக, தாம் எழுதிய விருந்தினர் பதிவேட்டை வாடகை மேடையிலிருந்து அக்கணனிகளுக்கு, ஒரு பதிவும் இழக்கப்படாமல், மூன்று மணிநேரத்துள் இடம்பெயர்க்குமாறு அவர்களைக் கேட்கலாம்.