ஆகப் புதிய பதிப்புதான் பாதுகாப்பானதா?

2024 ஆகஸ்டு 26-இல் அமலுக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம் நாட்டின் 11 முக்கியத் துறைகளைக் குறிப்பிடுகிறது. வங்கி, எரிசக்தி, சுகாதாரத்தோடு விவசாயமும் தோட்டத் துறையும் அதில் உண்டு. எல்லாத் தோட்டங்களும் இச்சட்டத்துக்குள் வந்துவிடாது. முக்கியக் கட்டமைப்பு என்று அறிவிக்கப்படும் நிறுவனங்கள்தாம் ஆண்டுக்கு ஒரு முறையாவது இடர் மதிப்பீடு செய்தாக வேண்டும். ஆனாலும் பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கணினித் துறைக்குப் போகும் மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

செம்பனைக் குலையின் எடைக் கணக்கோ சம்பளக் கணக்கோ, அதற்கான மென்பொருள் தனியாக நிற்பதில்லை. பிறர் எழுதி இலவசமாகத் தந்த பல துணைத் தொகுப்புகளின் மேல்தான் நிற்கிறது. அவற்றில் ஒன்றில் ஓட்டை என்றால், "அப்டேட் செய்" என்பார்கள். எந்தப் பதிப்புக்கு?

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா தொகுப்பில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. 2.15.0 வந்தது, முழுதாக அடைக்கவில்லை. 2.16.0 வந்தது; வேறொரு குறை தெரிந்தது. பிறகு 2.17.0, மாத முடிவுக்குள் 2.17.1. முதல் நாளே மாற்றிவிட்டு நிம்மதியானவர்கள் மூன்று வாரத்தில் மறுபடி மறுபடி மாற்ற வேண்டியதாயிற்று.

2024 மார்ச்சில் கதை தலைகீழ். எக்ஸ்ஸெட் என்ற தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ வேண்டுமென்றே கள்ள வாசல் வைத்திருந்தார்கள். உள்நுழைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். அங்கே தீர்வு பழைய 5.4 வரிசைக்குத் திரும்புவது.

ஆகவே ஆகப் புதியதைத் தேடாதீர்கள். ஓஎஸ்வி போன்ற திறந்த தரவுத்தளங்கள், எந்தப் பதிப்பு முதல் எது வரை பாதிப்பு, எதில் சரியானது என்று சொல்கின்றன. தெரிந்த ஓட்டைகள் எல்லாம் அடைபட்ட பதிப்புகளில், இப்போது உங்களிடம் இருப்பதற்கு மிக அருகில் உள்ளதை எடுங்கள்.

சிக்கல் பெரும்பாலும் நேரடித் தொகுப்பில் இல்லை. அது இழுத்து வரும் இன்னொன்றில், நம் பட்டியலில் பெயரே இல்லாத ஒன்றில் இருக்கும். செம்பனை மறுநடவில் பழைய அடிக்கட்டையை மண்ணில் விட்டால், அதிலிருக்கும் கானோடெர்மா பூஞ்சை புதுக் கன்றையும் பிடிக்குமே, அதுபோல.

பதிப்பின் முதல் எண் மாறினால் பழைய நிரல் உடையலாம். 'என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ்' பொதுவாக அந்த எல்லையைத் தாண்டாது. 'ஃபோர்ஸ்' சேர்த்தால் தாண்டிவிடும். புரோஜெக்ட் ஒப்படைப்பதற்கு முந்தைய இரவில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.