ஓடும் இணைப்பில் கை வைக்குமுன்

ரயில் நிலையத்தில் தண்டவாளம் பிரியுமிடத்தின்மீது வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, பாதையை மாற்ற எண்ணி ஊழியர் நெம்புகோலை இழுப்பாராயின் அது அசைந்து கொடாது. வண்டி முழுவதும் கடந்த பின்னரே பூட்டு விடுபடும். ஊழியரின் கவனத்தை மட்டும் நம்பி வண்டிகளை ஓட்டலாகாது என்பதை அத்துறையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உணர்ந்துவிட்டனர்.

கணிப்பொறி இணைப்புகளுக்கோ இத்தகைய பூட்டு பெரும்பாலும் இல்லை. ரவுட்டரின் முகவரியையோ, சர்வரின் பெயரையோ, கடவுச்சொல்லையோ ஒருவர் மாற்றப் புகும்போது, அவ்விணைப்பை நம்பி அந்நேரத்தில் எந்தெந்த மென்பொருள்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதைத் திரை சொல்வதில்லை. பொத்தானை அழுத்தினால் மாற்றம் நடந்துவிடுகிறது.

இதன் விளைவு எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்குக் கனடா நாட்டின் ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி நிகழ்ந்தது தக்க சான்று. அந்நிறுவனம் தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாகச் சீரமைத்து வந்தது. ஆறாவது கட்டத்தில், சில ரவுட்டர்களின் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. அதுவரை அவ்விதி தடுத்து நிறுத்தியிருந்த வழித்தகவல்கள் வெள்ளமெனப் பாய்ந்து மைய ரவுட்டர்களைச் செயலிழக்கச் செய்தன. 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொலைபேசியும் இணையமுமின்றித் தவித்தனர். 911 என்னும் அவசர எண்ணை அழைத்தும் பலருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. பழுதைப் போக்கவேண்டிய இஞ்சினியர்கள் ரவுட்டர்களை எட்டும் வழியும் அதே மைய வலையமைப்பினூடே சென்றமையால், அவர்களும் வெளியே நிற்க நேர்ந்தது. அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்பட்ட கைப்பேசிகளும் அந்நிறுவனத்தின் இணைப்பையே நம்பியிருந்தன. பிற நிறுவனங்களின் சிம் அட்டைகளை ஆங்காங்கே அனுப்பிவைக்க வேண்டியதாயிற்று. காரணம் இன்னதென்று கண்டறியவே ஏறத்தாழ 14 மணி நேரம் சென்றது.

நுனிக்கொம்பில் அமர்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான் இது. ஆயினும் விதியை நீக்கிய ஊழியரின் தலையில் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. தொடக்கத்தில் இவ்வேலையின் அபாயம் பெரிதென்றே மதிக்கப்பட்டிருந்தது. முற்கட்டங்கள் தீங்கின்றி முடியவே, அது சிறிதென்று குறைத்து மதிப்பிடப்பட்டது. ஐந்து முறை ஆற்றைக் கடந்தவன் ஆறாம் முறை ஆழம் பாராமல் இறங்குவதை ஒத்தது இது. குறை, திரும்பும் வழியை ஏற்படுத்தாமலே மாற்றத்தை அனுமதித்த ஏற்பாட்டினுடையது.

திரும்பும் வழி அரியதொன்றன்று. கணிப்பொறித் திரையின் அளவை மாற்றிப் பார்த்த ஆசிரியர் எவரும் அதனை அறிவர். ‘இம்மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா?’ என விண்டோஸ் கேட்கும். 15 வினாடிக்குள் மறுமொழி வாராவிடில் தானே பழைய அளவுக்குத் திரும்பும். திரை இருண்டுபோனவர் மறுமொழி கூற இயலாது என்பதை முன்னரே எண்ணிச் செய்த ஏற்பாடு அது. ஜூனிப்பர் நிறுவனத்தின் ரவுட்டர்களில் இதே முறை உண்டு. உறுதிவேண்டும் கட்டளையுடன் செய்யப்படும் மாற்றம், வேறு கால அளவு குறிக்கப்படாவிடில், 10 நிமிடங்களுக்குள் உறுதி செய்யப்படாதபோது தானாகவே நீங்கிவிடும். மலைமேல் உள்ள தானியங்கி வானிலைக் கருவிக்குத் தொலைவிலிருந்து தவறான சர்வர் முகவரியைக் கொடுத்துவிட்டு, அதைத் திருத்துவதற்காக மலையேறும் களப்பணியாளருக்கு இந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும். எனினும், பள்ளிகளிலும் சிற்றலுவலகங்களிலும் உள்ள சிறு ரவுட்டர்களில் இவ்வசதியைக் காண்பது அரிது. விலைப்புள்ளி கோரும்போதே இதனை ஒரு நிபந்தனையாக எழுதிவிடுவதில் தவறில்லை.

இணைப்பு அறுபடுவது வெளிப்படையாகத் தெரியும் தீங்கு. வெளியே தெரியாத தீங்கும் ஒன்றுண்டு. கரும்பலகையிலுள்ள கணக்கை மாணவர்கள் பார்த்தெழுதும்போதே ஆசிரியர் பாதியை அழித்துத் திருத்தினால், சிலர் ஏட்டில் பழைய எண்ணும் புதிய எண்ணும் கலந்து நிற்கும். அமைப்புகளைக் கொண்ட கோப்பினை அதே இடத்தில் சிறிது சிறிதாகத் திருத்தும்போதும், அதைப் படிக்கும் மென்பொருளுக்கு இதுவே நேரும். புதிய கோப்பினைத் தனியே முழுவதும் எழுதி முடித்து, பின்னர் ஒரே வீச்சில் பழையதன் பெயரை அதற்கு இடுவதே முறை. அப்போது படிக்கும் மென்பொருள் முழுப் பழையதையேனும் முழுப் புதியதையேனும் காணும், அரைகுறையைக் காணாது.

அன்றியும், பல மென்பொருள்கள் தொடங்கும்போது ஒருமுறை படித்த அமைப்பையே இறுதிவரை கையாளும். பள்ளி ரவுட்டர் தன் கணிப்பொறிகளுக்கு முகவரிகளை 24 மணி நேரத் தவணையில் வழங்குவதாகக் கொள்வோர், தவணையில் பாதி கழிந்த பின்னரே கணிப்பொறிகள் வழக்கமாகப் புதுப்பிக்க முனையும் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். பெயர்ச் சர்வரைக் காலை 9 மணிக்கு மாற்றினால், சில கணிப்பொறிகள் இரவு 9 மணி வரையில் பழையதையே நாடக்கூடும். திரையில் ‘மாற்றப்பட்டது’ என்று கண்டவுடன் பழைய சர்வரை நிறுத்துவது அவசரச் செயல். கடைசிக் கணிப்பொறி விலகும்வரை பழையதும் புதியதும் சேர்ந்தே இயங்கவேண்டும். ஓரிரு நாட்கள் இரட்டைச் செலவு ஏற்பட்டாலும் ஏற்கத்தக்கதே.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாற்றினால் தொல்லையில்லை என்போர் உளர். பள்ளிக்கு விடுமுறை நாளில் அது முற்றும் பொருந்தும். அங்கு அதனைச் செய்வதே நன்று. மருத்துவமனைக்கும் வெள்ள எச்சரிக்கை நிலையத்திற்கும் விடுமுறை ஏது? அத்தகைய இடங்களில், வேலை தொடங்குமுன் பழைய அமைப்புகள் ஒரு தாளில் எழுதப்பட்டு மேசைமீது இருக்கவேண்டும். வேலை செய்பவரின் கைப்பேசி, மாற்றப்படும் இணைப்பைச் சாராத வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கவேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் மேலதிகாரி அன்றைய வேலைக்கு அனுமதி மறுக்கலாம். மறுப்பதே அவர் கடமை.