பொழுதறிந்து வைக்கும் செடி

தொட்டிச் செடியையும் தொங்கும் செடியையும் பூவின் நிறம் பார்த்து வாங்குவதே நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. நர்சரியில் நிழல்வலையின் கீழே தளதளவென்று நின்ற செடி, வீட்டுக்கு வந்த சில நாள்களில் வாடிப்போகிறது. உடனே கை ராசியில்லை என்று சொல்லிவிடுகிறோம். கை என்ன பாவம் செய்தது? செடி வாங்குமுன் வீட்டின் வெயிலைப் பார்த்திருக்க வேண்டும்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம். மரமும் பூவும் கருப்பொருள். அடுத்த வரிசையில் வருபவை. செய்யுளுக்குச் சொன்ன இந்த முறை திண்ணைத் தொட்டிக்கும் பொருந்தும் என்பது நம் துணிபு. இலக்கணத்தைத் தொட்டிக்குள் இறக்குவதா என்று தமிழாசிரிய நண்பர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

வடக்கு நோக்கிய சன்னலில் நேர்வெயில் விழாது, அங்கே நிழற்செடி வையுங்கள் என்று ஆங்கிலத் தோட்ட நூல்கள் கூறும். இங்கிலாந்துக்கு அது பெரும்பாலும் சரி. நெய்வேலியும் நெல்லிக்குப்பமும் வட அட்சரேகை 12 பாகைக்குச் சற்றுக் கீழே உள்ளவை. ஏறத்தாழ ஏப்ரல் 20 அளவில் நம் உச்சியைக் கடந்து வடக்கே செல்லும் சூரியன், ஆகஸ்ட் 22 அளவில்தான் திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் வடக்குத் தாழ்வாரத்தில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் விழும். மார்கழியிலோ தெற்குத் தாழ்வாரத்தின் உள்வரை வெயில் நீளும். டிசம்பரில் நிழலென்று நம்பி வடக்கே தொங்கவிட்ட பெரணி மே மாதத்தில் கருகுவது இதனால்தான்.

திசையை மட்டும் அறிந்தாலும் போதாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, நெய்வேலி நகரியத்தின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. வேம்பும் பிறவும் குடைபிடித்திருந்த குடியிருப்பு முற்றங்கள் ஒரே நாளில் வெட்டவெளியாயின. வீடு அதே வீடு, வாசல் அதே வாசல். செடிக்குக் கிடைத்த வெயில் மட்டும் வேறு.

ஆகவே விடுமுறை நாளொன்றில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொருமுறை எட்டிப் பார்த்து, வெயில் விழும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு மணி நேர வெயில் இருந்தால் மல்லிகை, செம்பருத்தி, காகிதப்பூ. பெயரிலேயே பொழுதை வைத்திருக்கும் பத்துமணிப்பூவைத் தொங்கவிடவும் அதுவே இடம். அந்திமந்தாரை அந்தியில் மலர்வது என்றாலும் பகல்வெயில் கேட்பது. பெயரைக் கண்டு நிழலில் வைத்துவிட வேண்டா. நேர்வெயிலின்றி வெளிச்சம் மட்டும் வரும் இடத்துக்கு மணி பிளாண்ட், பெரணி, மருள். தண்டு நீண்டு கணுக்கள் விலகினால் வெளிச்சம் குறைவு. இலையில் வெளிறிய திட்டுகள் காய்ந்து தோன்றினால் வெயில் மிகுதி.

தொங்கும் தொட்டியில் மண் குறைவு, காற்றோ எப்புறமும் படும். அக்னி நட்சத்திர நாள்களில் அதற்கு இருவேளை நீர் வேண்டியிருக்கும். கூரையை ஒட்டிக் கட்டினால் வெளிச்சமும் எட்டாது. ஓரடியேனும் தாழ்த்திக் கட்டலாம்.

வடக்கிலும் தெற்கிலும் தாழ்வாரம் வாய்த்தவர்கள் இரு பக்கமும் கொக்கி அடித்து வைப்பது நன்று. சித்திரை பிறந்ததும் பெரணியைத் தெற்கே மாற்றலாம். ஆவணி முதல் வாரம் கழிந்தபின் மீண்டும் வடக்கே.