கூலி கேட்ட பூதம்

என் அப்பா கொத்தனார். அதனாலோ என்னவோ, எந்த ஊரின் வரலாற்றைப் படித்தாலும் ‘கட்டினார்’ என்ற சொல் வந்ததும் எனக்கு முள் தைத்ததுபோல் இருக்கும்.

டென்மார்க்கில் சீலாந்துத் தீவின் மேற்குக் கரையில் கலுண்ட்போர்க் என்றொரு சிறு நகரம். இன்று இன்சுலின் தயாரிப்புக்குப் பேர்போனது. 1170 வாக்கில் எஸ்பெர்ன் ஸ்னாரே என்ற பிரபு அங்கே கோட்டை கட்டி ஊரை உண்டாக்கினார் என்பார்கள். லேசுப்பட்ட ஆள் இல்லை. கோபன்ஹேகனில் கோட்டை எழுப்பிய ஆயர் அப்சலோன் இவருடைய உடன்பிறப்பு. மன்னர் முதலாம் வால்டெமார் சிறுவயதில் வளர்ந்ததே இவர்கள் வீட்டில்தான்.

அந்த ஊர் மாதா கோயிலையும் இவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். சிலுவை வடிவத் தரை, நடுவில் சதுரக் கோபுரம், சுற்றிலும் நான்கு எண்கோணக் கோபுரங்கள், அத்தனையும் செங்கல். டென்மார்க்கில் செங்கல் சூளையே அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. பழக்கமில்லாத கல்லை வைத்து எட்டு மூலையும் பிசகாமல் ஏற்றுவது எவ்வளவு பாடு என்பது தூக்குக்குண்டு பிடித்தவனுக்குத்தான் தெரியும். பிடித்தவர்கள் யார்?

ஊர்க்கதை ஒரே ஒரு பெயரைச் சொல்கிறது: ஃபின். அவன் ஒரு பூதம். கோயில் முடிவதற்குள் என் பெயரைக் கண்டுபிடி, இல்லையென்றால் உன் கண்ணும் இதயமும் எனக்குக் கூலி என்று எஸ்பெர்னிடம் ஒப்பந்தம். வேலை முடியும் தறுவாயில், பூதத்தின் மனைவி குழந்தையைத் தாலாட்டும்போது புருஷன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். எஸ்பெர்ன் அதைக் கேட்டுவிடுகிறார். கடைசித் தூணோடு வந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் ஆத்திரத்தில் அரைத் தூணைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். பிரபு ஜெயித்தார் என்று கதை முடிகிறது.

எனக்கு அப்படி முடியவில்லை. கட்டியவனின் பெயர் நமக்குத் தெரிய வந்ததே, அவனுக்குக் கூலி இல்லை என்று ஆக்குவதற்காகத்தான். கேட்ட கூலி கொடூரமானதுதான். ஆனால் கதையைச் சொன்னவர்கள் கூலி கேட்கிறவனைப் பூதமாகத்தானே பார்த்திருக்கிறார்கள்! அப்பா ஒரு வீட்டின் புதுமனை புகுவிழா அன்று கடைசி வாரக் கூலிக்காக வாசலில் நின்றார். வீட்டுக்காரர் அவரைப் பெயர் சொல்லி அன்பாக அழைத்து, பந்தியில் உட்காரவைத்து அனுப்பினார். பணம் வரவே இல்லை.

1827-இல் கலுண்ட்போர்க்கின் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. ஃபின் பாக்கியை வசூலித்துக்கொண்டான் என்பது என் கணக்கு. பிறகு அதைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். எஸ்பெர்னின் கோட்டையோ வெறும் இடிபாடு.

பாடநூல் எழுதுகிறவர்களே, பத்திரிகை ஆசிரியர்களே, பிரபுக்களின் புகழைக் குறைக்க வேண்டாம். தமிழில் பிறவினை இருக்கிறது. ‘கட்டினார்’ என்பதை அடித்துவிட்டு ‘கட்டுவித்தார்’ என்று எழுதுங்கள்.