பேக்கப் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, "பேக்கப் எடுத்து வையுங்கள்" என்பதுதான். நானும் பல வருடங்களாக அதையே சொல்லி வந்தேன். டோல்கேட்டில் ஒரு லேத் பட்டறையில் நடந்ததைப் பார்த்த பிறகு, அது பாதி அறிவுரைதான் என்று தோன்றுகிறது.

டோல்கேட் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்புறச் சந்தில் இருக்கிறது அந்தப் பட்டறை. அங்கே 2002 முதல் 2013 வரை வேலை பார்த்த ஒரு மேஸ்திரிக்கு 58 வயது முடிந்தது. பி.எஃப். பென்ஷன் கிடைக்கப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பேப்பர் போடும்போது அந்தக் கால சம்பள விவரம் தேவைப்பட்டது. காகித ரெஜிஸ்டர் 2015 வெள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டது.

"அதுக்கின்னா சார், எல்லாம் சி.டி.யில பத்திரமா கீது" என்றார் முதலாளி. உண்மைதான். அலமாரியில் ஆறு சி.டி.க்கள் இருந்தன. ஒன்றில் மட்டும் மேல்பூச்சு உரிந்து போயிருந்தது (கடற்காற்று இரும்பை மட்டுமா தின்னும்?). மற்ற ஐந்தும் நன்றாகப் படித்தன. ஆனால் உள்ளே இருந்த பேக்கப் ஃபைலைக் க்ளிக் செய்தால், எந்த புரோகிராமில் திறப்பது என்று கம்ப்யூட்டர் நம்மையே திருப்பிக் கேட்டது!

காரணம் இதுதான். சம்பளப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவர், கணக்கை எம்.எஸ்.டி.இ. என்ற டேட்டாபேஸில் வைத்திருந்தார். டேட்டாபேஸ் என்றதும் பயப்படாதீர்கள். கட்டம் போட்ட பல நோட்டுகளை ஒன்றோடொன்று கோர்த்து வைத்த பெட்டி, அவ்வளவுதான். எம்.எஸ்.டி.இ. என்பது எஸ்.க்யூ.எல். சர்வர் 2000இன் இலவசச் சின்னத் தம்பி. அதன் பேக்கப்பை எஸ்.க்யூ.எல். சர்வர் மட்டுமே திறக்கும். புது வெர்ஷன் இருந்தால் போதும் என்று நினைத்து 2019 வெர்ஷனை இன்ஸ்டால் செய்து நான் ஒரு நாளை வீணாக்கினேன். 2012 வெர்ஷன் தொடங்கி, 2000இன் பேக்கப்பை அது ஏற்பதில்லை. இடைப்பட்ட 2008 ஆர்2 எக்ஸ்பிரஸ் ஏற்கும். அதற்காகப் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதிலும் ஒரு சிக்கல். பேக்கப், பழைய கம்ப்யூட்டரில் தான் இருந்த ஃபோல்டரையே தேடியது. "இனி உன் இடம் இது" என்று புது ஃபோல்டரைச் சொன்ன பிறகுதான் விரிந்தது.

யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தபோதே கணக்கை வெளியே எடுத்து வைத்திருந்தால் அரை மணி நேர வேலை. 2014இல் அது படுத்த அன்று விட்டது எங்கள் தவறு.

திறந்ததும் வேலை முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே பெட்டியிலேயே விட்டால் இன்னும் பத்து வருடத்தில் இதே கதைதான். ஒவ்வொரு அட்டவணையையும் சி.எஸ்.வி. ஃபைலாக எடுத்தோம். அது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடில்கூடத் திறக்கும். பிறகு அதை எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸில் ஏற்றினோம். போஸ்ட்கிரெஸ், மரியாடிபி போன்றவையும் ஓப்பன் சோர்ஸ்தான், பலசாலிகள்தான். ஆனால் ஒரு பட்டறைச் சம்பளக் கணக்குக்கு அவை கல்யாண அண்டாவில் காபி போடுவது போல. 2000இல் வெளிவந்த எஸ்.க்யூ.லைட்டில் முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். சர்வர் வேண்டாம், லைசென்ஸ் கட்டணமும் இல்லை. உங்கள் ஆண்ட்ராய்டு போனிலேயே அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திறந்து பார்க்க டிபி பிரவுசர் என்ற இலவச மென்பொருள் போதும்.

மாற்றும்போது மூன்று இடத்தில் இடறினோம். முதலாவது தேதி. 03/04/2002 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எடுத்தால் குழப்பமில்லை. இரண்டாவது, எக்செல். சி.எஸ்.வி.யை அதில் திறந்து சேமித்ததில் பி.எஃப். எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்கள் காணாமல் போயின. மறுபடி எடுத்து, நேரடியாக டேட்டாபேஸில் ஏற்றினோம்.

மூன்றாவது நம் தமிழுக்கே உரியது. ஆட்களின் பெயர்கள் ஏதோ ஒரு பழைய ஃபான்ட்டில் அடிக்கப்பட்டிருந்ததால் திரையில் கோழிக் கிறுக்கலாக வந்தன. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரப்படுத்தியது. 2010இல்தான் யூனிகோடுக்கு வந்தது. இடையில் ஆளுக்கொரு ஃபான்ட். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றலாம். பெயர்ப் பத்தியை மட்டும் கொடுங்கள். முழு ஃபைலையும் கொடுத்தால் அதிலுள்ள ஆங்கிலமும் சேர்ந்து கெடும்.

கடைசியில் பழையதிலும் புதியதிலும் வரிகளை எண்ணினோம், வருடவாரியாகச் சம்பளத்தைக் கூட்டினோம். இரண்டும் ஒத்துப்போகும் வரை நான் மூச்சு விடவில்லை.

உரிந்த சி.டி.யில் இருந்த ஏழு மாதங்கள் மட்டும் கிடைக்கவே இல்லை. மீதி எல்லாம் பிரின்ட் ஆகி வந்தது. மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தாளை நெடுநேரம் பார்த்தார். "முதல் மாசம் இவ்ளோதானா வாங்கினேன்?" என்று சிரித்துவிட்டு, தாள்களை மடிக்காமல் மஞ்சப்பைக்குள் வைத்தார்.

முதலாளி இப்போது பில் போடுவது வேறொரு மென்பொருளில். அதன் மெனுவில் எக்ஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று அன்று மாலையே தேடினோம். இருந்தது. மாதக் கடைசியில் ஒரு சி.எஸ்.வி. எடுத்து இரண்டு பென் டிரைவில் போடுகிறார். ஒன்று பட்டறையில், ஒன்று வீட்டில்.