ஊசி நமக்கு, வயர் யாருக்கு?

ஊசி பெண்களுக்கு, வயர் ஆண்களுக்கு என்று யார் பிரித்தது? 2007-ல் விற்பனைக்கு வந்த, துணியில் தைக்கும் லில்லிபேட் மின்பலகையை உருவாக்கியவர் லியா பியூக்லி என்ற பெண்தான். நம்ம ஓசூரில் செய்யும் டைட்டன் கைக்கடிகாரமும் உடம்பில் அணியும் மின்கருவிதானே!

நாமும் செய்யலாம். 3 வோல்ட் பட்டன் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., பழைய மோட்டார் காயில் கம்பி போதும். கம்பி நுனியைச் சுரண்டி, எல்.இ.டி.யின் நீளக் காலை பிளஸ் பக்கம் சேர்த்து, புத்தகப் பையில் தைக்கணும். இரண்டு கம்பியும் ஒட்டக் கூடாது. குட்டிப் பிள்ளைங்க விழுங்கினா ஆபத்து. பேட்டரியை மூடித் தைங்க.

இருட்டிருச்சுன்னா லாரிக்காரருக்கு நாம தெரிய மாட்டோம். அதுக்காக டியூஷனை நிறுத்துவதா? பையில் விளக்கு தைப்பதே மேல். தையல் வகுப்பிலேயே இதையும் சொல்லித் தர வேண்டும் என்பது என் கருத்து.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாரூர்